இல்லாமையும் ஒரு கட்டளை: வைட்டமின் ஏ குறைந்த திசுக்களில் மரபணுக்கள்



விலங்கியலும் உயிர்வேதியியலும் படிக்கிறவர்கள் நிறைந்த அவை இது. வேறு துறைகளிலிருந்து வந்திருப்பவர்களும் இருக்கிறீர்கள். 13 வைட்டமின்களையும் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் குறைந்தால் எந்த மரபணு ஏறும், எந்த மரபணு இறங்கும் என்று பட்டியல் வாசித்தால் இரு சாராருக்குமே அலுப்புத்தான் மிஞ்சும். ஆகவே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: வைட்டமின் ஏ. உணவில் ஒரு பொருள் இல்லாமற்போன செய்தி, திசுவுக்குள் நுழைந்து மரபணு வரை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதை அறிவியல் ஏறக்குறைய முழு வழியும் பின்தொடர்ந்து பார்த்திருக்கிற கதை இது. அதற்குச் சுமார் முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஃபிரெட் ஹேல் என்பவர் ஓர் இளம் பன்றிக்குச் சினைப்படும் முன்பிருந்தே வைட்டமின் ஏ இல்லாத தீவனம் கொடுத்து வந்தார். அது 11 குட்டிகள் ஈன்றது. ஒன்றுக்குக்கூடக் கண்விழி இல்லை. 1933இல் அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, பாரம்பரியம் பற்றிய ஓர் ஆய்விதழில்தான் வந்தது. பொருத்தம்தான். விழியில்லாத குட்டி பிறந்தால் கால்நடை வளர்ப்பவர் மனத்தில் முதலில் எழும் ஐயம் ‘இனத்திலேயே கோளாறு’ என்பதுதானே? ஹேல் அந்த ஐயத்தை விட்டுவைக்கவில்லை. விழியற்ற குட்டிகளையே வளர்த்து, நல்ல தீவனம் கொடுத்து, இணைசேர்த்துப் பார்த்தார். அவற்றின் குட்டிகள் கண்ணோடு பிறந்தன. பாரம்பரியத்தில் பழுதில்லை, தாயின் தீவனத்தில்தான் பழுது.

இன்றைய மொழியில் சொன்னால், கண்ணை உண்டாக்கும் மரபணுக்கள் அந்தக் குட்டிகளிடம் ஒரு எழுத்துகூட மாறாமல் இருந்தன. கருவின் குறிப்பிட்ட நாட்களில் அவை செயல்பட்டிருக்க வேண்டும்; செயல்படவில்லை. ஹேலுக்கு இப்படிச் சொல்ல வாய்ப்பில்லை. மரபணு என்பது டி.என்.ஏ.வால் ஆனது என்றே அப்போது யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் பின்னே போவோம். வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் எலியை வளரவைக்கும் ஏதோ ஒரு கொழுப்பில் கரையும் பொருள் இருக்கிறது என்று விஸ்கான்சினில் எல்மர் மெக்காலமும் மார்கரெட் டேவிஸும் 1913இல் கண்டார்கள். அதே ஆண்டில் கனெக்டிகட்டில் ஆஸ்போர்னும் மெண்டலும் அதையே கண்டார்கள். யார் முந்தியவர் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. நமக்கு வேண்டியது அதற்கு 12 ஆண்டு கழித்து வந்த ஒரு கட்டுரை. என் பார்வையில் வைட்டமின் குறைபாடு பற்றி எழுதப்பட்டவற்றில் இன்றும் ஊன்றிப் படிக்கத் தகுந்தது அது.

1925இல் ஹார்வர்டின் நோய்க்குறியியலாளர் பர்ட் வோல்பாக்கும் பெர்சி ஹவும் வைட்டமின் ஏ இல்லாமல் வளர்த்த எலிகளின் திசுக்களை உறுப்பு உறுப்பாக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மூச்சுக்குழலின் உட்புறம் இயல்பாக ஈரமானது. சளி சுரக்கும் செல்களும், அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர் கொண்ட செல்களும் அங்கே வரிசையாக நிற்கும். இந்த எலிகளில் அந்த இடத்தில் தோல் இருந்தது. சரியாகச் சொன்னால், தோலைப் போலவே அடுக்கடுக்காகத் தட்டையாகி மேலே கெரட்டினாய் உலர்ந்துபோகும் செல்கள். உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளங்களிலும் சிறுநீர்ப்பையிலும் கருப்பையிலும் கண்ணின் வெளிப்படலத்திலும் இதே மாற்றம். நம் கிராமங்களில் ஒரு காலத்தில் மாலைக்கண்ணோடு சேர்ந்து வந்த கண் வறட்சி இதன் ஒரு முகம்தான். கண்ணின் மேற்பரப்பு தோலாக மாற முயல்கிறது. குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய ராபர்ட் மெக்காரிசன் அதே 1920களில் எலிகளின் சிறுநீர்ப்பையில் உணவின் மூலமே கல் உண்டாக்கிக் காட்டினார். அந்த உணவுகள் வைட்டமின் ஏ குறைந்தவை. நீலகிரியில் தொடங்கிய அந்தக் கூடம்தான் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று.

வோல்பாக்–ஹவ் கட்டுரையின் அருமை அவர்கள் கண்டதைவிட அதை அவர்கள் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. சத்தில்லாத திசு மெலியும், தேயும், சாகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இங்கே செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிந்துகொண்டிருந்தன. அடித்தளத்தில் இருந்த செல்களிலிருந்து புதிய வகைச் செல்கள் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கிளம்பி, பழையவற்றைக் கீழிருந்து தள்ளிவிட்டு இடம்பிடித்தன. எலிக்கு வைட்டமினைத் திரும்பக் கொடுத்தால் அதே அடித்தளச் செல்கள் சில நாட்களில் பழையபடி சளிப்படலத்தை உண்டாக்கின. மூச்சுக்குழலின் அடிச்செல்லுக்கு இரண்டு வேலையும் தெரியும். எதைச் செய்ய வேண்டும் என்பதை ஒரு சிறு மூலக்கூறின் இருப்பும் இல்லாமையும் தீர்மானிக்கின்றன.

எந்த மூலக்கூறு? இங்கே ஒரு குழப்பம் இருந்தது. ஜார்ஜ் வால்ட் 1933இல் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். பார்வை நிறமியின் உயிர்நாடி அதுதான் என்பது படிப்படியாகத் தெளிவாயிற்று. கண்ணுக்கான விளக்கம் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால், மற்றத் திசுக்களில் இதற்கு என்ன வேலை என்ற கேள்வி நெடுநாள் ஓரமாய்க் கிடந்தது. அதை அவிழ்த்ததும் வால்ட்தான், மாணவர் ஜான் டௌலிங்கோடு சேர்ந்து, 1960இல். வைட்டமின் ஏ அறவே இல்லாத தீவனத்தோடு ரெட்டினோயிக் அமிலத்தை மட்டும் சேர்த்து எலிகளை வளர்த்தார்கள். எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன, திசுக்கள் நலமாயிருந்தன, கண் மட்டும் குருடாயிற்று. வைட்டமின் ஏ ஆகிய ரெட்டினாலிலிருந்து உடல் ரெட்டினோயிக் அமிலத்தைச் செய்துகொள்ளும். அமிலத்தை ரெட்டினாலாகத் திருப்ப அதனால் முடியாது. ஆகவே விழித்திரைக்கு வேண்டியது கிடைக்கவில்லை, மற்றத் திசுக்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஒரே வைட்டமின், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு தொழில்கள். உயிர்வேதியியலில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு தீர்க்கமான சோதனைகள் அதிகம் இல்லை.

கருக்கோழியின் தோலை வளர்ப்புக் கிண்ணத்தில் வைத்து, மிகுதியான வைட்டமின் ஏ கொடுத்தால் அது சளி சுரக்கும் படலமாக மாறுகிறது என்று கேம்பிரிட்ஜில் ஹானர் ஃபெல்லும் எட்வர்ட் மெலன்பியும் 1953இலேயே காட்டியிருந்தார்கள். எலியின் மூச்சுக்குழலில் இல்லாமை செய்ததற்கு நேர் எதிர்த்திசை. 1981இல் எலெய்ன் ஃபியூக்ஸும் ஹோவர்ட் கிரீனும் மனிதத் தோல் செல்களை வளர்க்கும் சீரத்திலிருந்து வைட்டமின் ஏயை நீக்கிப் பார்த்தார்கள். செல்கள் பெரிய வகைக் கெரட்டினைச் செய்யத் தொடங்கின. திரும்பச் சேர்த்ததும் நிறுத்தின. செல்லிலிருந்த தூது ஆர்.என்.ஏ.வும் அதற்கேற்ப மாறியிருந்தது. மரபணுவின் வாசல் வரை வந்தாயிற்று. உள்ளே யார் இருக்கிறார்?

விடை 1987 டிசம்பரில், ஒரே ஆய்விதழில், இரண்டு வார இடைவெளியில் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஃபிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் பியர் ஷம்போன் குழு. கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு. ஸ்டீராய்டு ஹார்மோன்களின் செய்தியை வாங்கும் புரதங்களான ஏற்பிகள் எல்லாம் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் பகுதியில் ஒரே சாயலில் இருக்கும். அந்தச் சாயலை வைத்துத் தேடியபோது இரு குழுவினருக்கும் உரிமையாளர் தெரியாத ஒரு ஏற்பி கிடைத்தது. அது எந்தப் பொருளுக்குச் செவிசாய்க்கிறது என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்ததில் ரெட்டினோயிக் அமிலம் சிக்கியது. காய்கறியிலும் ஈரலிலும் முட்டையிலும் கிடைக்கும் ஒரு சத்து, ஈஸ்ட்ரோஜென், தைராய்டு ஹார்மோன் ஆகியவற்றின் வரிசையில் வந்து உட்கார்ந்தது. ஹார்மோனுக்கும் வைட்டமினுக்கும் நாம் பாடநூலில் போட்டிருக்கும் கோடு செல்லின் உட்கருவுக்குத் தெரியாது.

இந்த ஏற்பி தனியாக வேலை செய்வதில்லை. ஆர்.ஏ.ஆர். என்ற அதுவும் ஆர்.எக்ஸ்.ஆர். என்ற கூட்டாளியும் இணையாக டி.என்.ஏ.வில் அமர்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகை. அவை அமரும் இடத்தில் ஆறு எழுத்துச் சொல் ஒன்று இருமுறை வரும். இரண்டுக்கும் நடுவே ஐந்து எழுத்து இடைவெளி இருந்தால் பெரும்பாலும் ரெட்டினோயிக் அமிலத்தின் ஏற்பி. நான்கு என்றால் தைராய்டு ஹார்மோனின் ஏற்பி. மூன்று என்றால் வைட்டமின் டியின் ஏற்பி. 1991இல் எவன்ஸ் குழு முன்வைத்த இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. இருந்தாலும் ஓரிரு எழுத்து இடைவெளியில் மூன்று ஆட்சி எல்லைகள் பிரிகின்றன என்பது இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

இன்றைய உரையின் தலைப்புக்கு வருகிறேன். ரெட்டினோயிக் அமிலம் இல்லாதபோது ஏற்பி என்ன செய்கிறது? மரபணுவை விட்டு விலகிப் போய்விடுகிறது என்று நினைத்தால் தவறு. பல மரபணுக்களில் அது அங்கேயேதான் இருக்கிறது. 1995இல் கண்டறியப்பட்ட ஒடுக்கும் துணைப் புரதங்கள் அப்போது அதோடு ஒட்டிக்கொள்கின்றன. அவற்றோடு சேரும் நொதிகள், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து அசிட்டைல் குழுக்களை வெட்டி எடுக்கின்றன. அந்த இடத்து டி.என்.ஏ. இறுக்கமாகச் சுருண்டுகொள்கிறது. ஆளில்லாத வாசல் என்று இதைச் சொல்ல முடியாது. கதவைச் சாத்தி, உள்ளே தாழ்போட்டு, காவலுக்கும் ஆள் உட்கார்ந்திருக்கிற வாசல். அமிலம் வந்து ஏற்பியில் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, ஒடுக்கும் புரதங்கள் கழன்றுகொள்கின்றன, ஊக்கும் புரதங்கள் வருகின்றன, மரபணு படியெடுக்கப்படுகிறது. ஆகவே குறைபாட்டுத் திசுவில் நாம் பார்ப்பது வெற்றிடத்தை அல்ல. ‘நிறுத்து’ என்று ஒரு கட்டளை அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

விலங்கில் இதைப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். வைட்டமின் ஏ குறைந்த எலியின் பல உறுப்புகளில் பீட்டா வகை ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ. குறைந்துவிடுகிறது, ஆல்ஃபாவும் காமாவும் அவ்வளவாக அசைவதில்லை. ரெட்டினோயிக் அமிலம் கொடுத்த சில மணி நேரத்தில் பீட்டா மீண்டும் எழுகிறது. காரணம், பீட்டாவின் மரபணுவிலேயே அந்த ஐந்து எழுத்து இடைவெளிச் சொல் இருக்கிறது. செய்தியைக் கேட்கும் செவியே செய்தி வந்தால்தான் வளரும் என்ற ஏற்பாடு.

ஈரலில் நடப்பது இன்னும் சுவையானது. உடலின் வைட்டமின் ஏ பெரும்பாலும் ஈரலில்தான் சேமிப்பில் இருக்கிறது. ரெட்டினாலைச் சேமிப்பு வடிவமாக மாற்றும் எல்ராட் என்ற நொதி, குறைபாட்டு எலியின் ஈரலில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ரெட்டினோயிக் அமிலத்தைச் சிதைக்கும் சிப்26ஏ1 என்ற நொதியின் மரபணுவும் அங்கே அடங்கிவிடுகிறது. வரவு நின்ற வேளையில் சேமிப்புக் கணக்கையும் செலவுக் கணக்கையும் ஈரல் ஒருசேர மூடிவிடுகிறது. உள்ளே வரும் கொஞ்சநஞ்சம் நேரே மற்ற உறுப்புகளுக்குப் போகிறது. ஆனால் குடலில் அதே எல்ராட் குறைவதில்லை. குடலின் வேலை உணவில் வருவதை உள்வாங்குவது. பஞ்ச காலத்தில் அந்த வாசலை மூடினால் பிழைப்பேது? ஒரே மரபணு, ஒரே குறைபாடு, இரண்டு உறுப்பில் இரண்டு முடிவு. ‘வைட்டமின் ஏ குறைந்தால் எல்ராட் குறையும்’ என்று தேர்வுத்தாளில் ஒற்றை வரியில் எழுதுகிற மாணவருக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

விரைக்கும் இதில் ஒரு தனிக் கதை உண்டு. குறைபாட்டு எலியில் விந்தணு உருவாக்கம் ஆரம்பப் படியிலேயே நின்றுபோகிறது. ரெட்டினால் ஊசி போட்டதும் நின்ற இடத்திலிருந்து எல்லாக் குழல்களிலும் ஒரே நேரத்தில் தொடங்குகிறது. இயல்பான விரையில் ஒவ்வொரு பகுதியும் வேறு வேறு கட்டத்தில் இருக்கும். இங்கே எல்லாம் ஒரே கட்டத்தில் நடைபோடுகின்றன. கிரிஸ்வோல்ட் ஆய்வகம் 1987இல் காட்டிய இந்த ஒத்திசைவு பின்னாளில் ஓர் ஆய்வு உத்தியாகவே ஆகிவிட்டது. குன்றல் பிரிவைத் தொடங்கிவைக்கும் ஸ்ட்ரா8 என்ற மரபணு ரெட்டினோயிக் அமிலத்துக்குப் பதிலளிக்கிறது என்பது 2006இல் வலுவாக நிறுவப்பட்டபோது, ஊசிக்குப் பின் அந்தச் செல்கள் எதற்காகக் காத்திருந்தன என்பதும் விளங்கிற்று.

இதுவரை சொன்னதைக் கேட்டு, குறைபாட்டில் நடப்பதெல்லாம் மரபணு வழியாகத்தான் என்று நீங்கள் முடிவுகட்டினால் அது என் குற்றமாகும். ரெட்டினாலைச் சுமந்துகொண்டு இரத்தத்தில் திரியும் கடத்துப் புரதம் ஒன்று உண்டு. அதைச் செய்வதும் ஈரல்தான். குறைபாட்டில் இரத்தத்தில் அந்தப் புரதம் வெகுவாகக் குறைகிறது. மரபணு மூடிவிட்டது என்றுதான் தோன்றும். தூது ஆர்.என்.ஏ.வை அளந்தால் அது அப்படியே இருக்கிறது. புரதமும் தயாராகிறது, ஏற்றிச்செல்லச் சரக்கில்லாததால் ஈரல் செல்லுக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. ரெட்டினால் கொடுத்தால் நிமிடங்களில் வெளியே பாய்கிறது. மரபணு வெளிப்பாட்டை மட்டும் அளந்திருந்தால் இங்கே எதுவுமே நடக்கவில்லை என்று எழுதியிருப்போம்.

இன்னொரு பொறி. வைட்டமின் ஏ குறைந்த எலிக்குப் பசி போய்விடும், எடை குறையும், தொற்று வரும். அதன் ஈரலில் 100 மரபணுக்கள் மாறியிருந்தால் அவற்றில் எத்தனை வைட்டமின் இல்லாததால் மாறியவை, எத்தனை பட்டினியால் மாறியவை? இதற்காகத்தான் பழைய ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் குறைபாட்டு எலி நேற்று எத்தனை கிராம் தின்றதோ அதே அளவை, வைட்டமின் சேர்த்து, துணை எலிக்கு இன்று கொடுத்தார்கள். சலிப்பூட்டும் வேலை, தினமும் எடைபோட வேண்டும். ஒரே சோதனையில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை அளக்கும் கருவிகள் வந்தபின் இந்தத் துணை எலி பல கட்டுரைகளில் காணாமற்போயிற்று. கருவி பெரிதாகப் பெரிதாகக் கட்டுப்பாடு சிறிதாவது எனக்கு ஏற்பில்லை. 2002இல் பால்மரும் புளோம்ஹாஃபும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, ரெட்டினோயிக் அமிலத்துக்குக் கட்டுப்படுவதாகச் சொல்லப்பட்ட மரபணுக்கள் 532. ஏற்பி நேரடியாகவே இயக்குகிறது என்று ஐயமற நிறுவப்பட்டவை 27 மட்டுமே. அதற்குப்பின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. ஆனாலும் ஒரு பட்டியலைப் பார்த்ததும் அந்த இடைவெளி நினைவுக்கு வரவேண்டும்.

இந்தச் சிக்கல் வைட்டமின் ஏக்கு மட்டும் உரியதன்று. வைட்டமின் டி குறைந்த கோழிக்குஞ்சின் குடலில் கால்சியத்தைப் பிணைக்கும் கால்பைண்டின் என்ற புரதம் இல்லாமற்போவது 1960களிலேயே தெரியும். அது நேரடி விளைவு. ஆனால் வைட்டமின் டியின் ஏற்பியே இல்லாத சுண்டெலிகளை 1997இல் உருவாக்கினார்கள். அவற்றின் எலும்பு வளைந்தது. கால்சியமும் பாஸ்பரஸும் லாக்டோஸும் நிறைந்த தீவனம் கொடுத்ததும் எலும்பு பெரும்பாலும் நேராயிற்று. எலும்பு அழுதது வைட்டமினுக்காக அல்ல, கால்சியத்துக்காக. ஃபோலிக் அமிலத்தின் வழி வேறு. அது ஏற்பியைத் தொடுவதில்லை, டி.என்.ஏ.வில் மீதைல் குறிகள் இடத் தேவையான பொருளின் வழங்கலில் பங்குகொள்கிறது. வைட்டமின் சி அந்தக் குறிகளை நீக்கும் டெட் நொதிகளுக்குத் துணைநிற்கிறது என்பது 2013இல் தெளிவானது. இவை ஒவ்வொன்றும் தனி உரைக்குரியவை.

கண்ணில்லாத குட்டிகளின் கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது. 1940களில் வார்க்கனி, வில்சன் முதலான ஆய்வாளர்கள் வைட்டமின் ஏ குறைந்த தாய் எலிகளின் கருக்களில் இதயம், பெருந்தமனி, சிறுநீரகம், கண் ஆகியவற்றில் வரும் குறைகளைப் பொறுமையாகப் பட்டியலிட்டு வைத்தார்கள். 1990களில் ஷம்போன் குழு ரெட்டினோயிக் அமில ஏற்பிகளின் மரபணுக்களை இரண்டிரண்டாக நீக்கிச் சுண்டெலிகளை உருவாக்கியது. தீவனத்தில் குறையில்லை, ஏற்பிதான் இல்லை. கருக்களைத் திறந்து பார்த்தால் வார்க்கனியின் பட்டியல் ஏறக்குறைய முழுவதும் அங்கே இருந்தது. அதோடு அவர் காணாத சில குறைகளும் இருந்தன. தீவனத்தால் வைட்டமினை எவ்வளவு குறைத்தாலும் தாயிடம் சிறிது மிஞ்சும், மரபணுவை நீக்கினால் அந்த மிச்சமும் பயன்படாது. சத்தின் குறையும் ஏற்பியின் குறையும் ஒரே உருவத்தில் பிறந்தன என்பதுதான் இந்த முழுக் கதையின் உறுதியான சான்று.

கடைசியாக நம் ஊர். திருச்சி மாவட்டத்தில் 15,000க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ கொடுத்து, மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சார்ந்த குழு ஒரு ஆண்டு கவனித்தது. 1990இல் வெளியான முடிவு: பெறாத குழுவைவிட மரணம் 54 சதவீதம் குறைவு. கண்ணைக் காக்கத் தொடங்கிய முயற்சி உயிரைக் காத்தது ஏன்? குடலின் படலமும் மூச்சுக்குழலின் படலமும் நோய்க்கிருமிக்கு எதிரான முதல் மதில்கள் என்பது ஒரு விடை. 2004இல் ஜப்பானில் இவாட்டா குழு இன்னொன்றைச் சேர்த்தது: குடலைத் தேடிப் போக வேண்டிய, நோயெதிர்ப்புக்கான டி செல்களுக்கு அந்த முகவரியைப் பொறித்துக் கொடுப்பதே ரெட்டினோயிக் அமிலம்தான், வைட்டமின் ஏ குறைந்த சுண்டெலியின் குடல் சுவரில் அந்தச் செல்கள் குறைந்துபோகின்றன. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் ஏறக்குறைய 10 லட்சம் குழந்தைகளிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு கொடுத்து நடந்த ஆய்வு 2013இல் வெளியானபோது மரணத்தில் வேறுபாடு மிகச் சிறியதாக, தற்செயல் என்று தள்ளக்கூடியதாக இருந்தது. எந்த அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, குறைபாடு முன்பே எவ்வளவு ஆழமாயிருந்தது என்பவை எல்லாம் இதில் கலந்திருக்கின்றன. அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

மிகுதியும் கட்டளைதான். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் இதே குடும்பத்து மருந்து. கருவுற்ற தாய் உட்கொண்டால் குழந்தையின் காதும் முகமும் இதயமும் மூளையும் ஊனமாகப் பிறக்கக்கூடும் என்பது 1980களிலேயே உறுதியானது. கருவில் எந்த மரபணு எந்த நாளில் திறக்க வேண்டும் என்ற கணக்கைக் குறைவும் குலைக்கும், மிகுதியும் குலைக்கும். இந்த அவையில் மருந்தியல் மாணவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: அந்த மாத்திரை கேட்டு ஓர் இளம்பெண் கடைக்கு வந்தால், மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள், கருவுற்றிருக்கிறாரா, கருவுறும் எண்ணம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.